பதிமூணு வயசுல தெரிஞ்சிடுமா?

போன மாசம் இதே சுவரில் கிரிக்கெட் பற்றி மூணு பேர் எழுதிட்டீங்க. அதனால நான் வேற விளையாட்டுக்குப் போறேன்.

அமெரிக்காவில் ஒரு கால்பந்து இருக்கு. பேருதான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்! அது உருண்டையாகவும் இருக்காது, ரெண்டு முனையும் கூம்பி இருக்கும். பெரியப்பா வீட்டு அண்ணன் லீவுக்கு வந்தப்போ போனில் காட்டினார். ஒரு அணிக்கு 11 பேர். அதில் ஒருத்தர் பேர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரணி ஆட்கள் மேலே வந்து விழறதுக்குள்ள, யாருக்கு எறியணும்னு மூணு நாலு நொடியில் அவர் முடிவு பண்ணியாகணும்.

இந்த ஆட்களைப் பல்கலைக்கழகக் கோச்சுகள் உயர்நிலைப் பள்ளிகளிலேயே தேடுவாங்க. எடுத்துக்கிட்டா படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏத்துக்கும். 2021-லிருந்து விளம்பரத்தில் நடிச்சுப் பணம் வாங்கவும் அனுமதி உண்டு. அதனால வீட்டுக்கே பெரிய விஷயம். உயரம், உள்ளங்கை அகலம், எறியும் வேகம், ஆடின வீடியோ எல்லாம் பார்ப்பாங்க. இதைப் பார்த்து நட்சத்திரம் போடறதுக்குன்னே கம்பெனிகள் இருக்கு. 5 நட்சத்திரம்தான் உச்சம், ஓட்டலுக்குப் போடற மாதிரி!

2010-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகக் கோச் லேன் கிஃபின், டேவிட் சில்ஸ் என்ற பையனுக்கு இடம் தர்றேன்னு சொன்னார். அப்போ அவனுக்கு வயசு 13, படிச்சது ஏழாவது. என்னைவிடச் சின்னவன்! அவனும் சரின்னுட்டான். 2013-ல் அந்தக் கோச்சையே வேலையிலிருந்து எடுத்துட்டாங்க. சில்ஸ் கடைசியில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 2017-ல் எறியறவரா இல்லை, பிடிக்கிறவரா ஆடி, 18 தடவை எல்லைக்கோட்டுக்குள் பந்தைப் பிடிச்சார். எறிவான்னு பார்த்தாங்க, பிடிச்சுப் பேர் வாங்கினார்.

இதுக்கு நேர்மாறான கதை ஜாஷ் ஆலனுடையது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற சின்ன ஊர். அப்பா விவசாயி. பருத்தியும் முலாம்பழமும் விளையற பூமி. பையன் ஒல்லி. கோடை விடுமுறையில் கோச்சுகள் வந்து பார்க்கும் முகாம்களுக்கு மத்தப் பையன்கள் போவாங்க. இவர் வேற விளையாட்டுகளும் ஆடிக்கிட்டு, பண்ணை வேலையும் பார்த்துக்கிட்டு இருந்ததால அங்கெல்லாம் அவ்வளவாப் போகலை. 2014-ல் பள்ளி முடிச்சப்போ பெரிய பல்கலைக்கழகம் ஒண்ணுகூடக் கூப்பிடலை. சின்ன வயசிலிருந்து ரசிகரா இருந்த பக்கத்து ஊர் ஃபிரெஸ்னோ பல்கலைக்கழகமும் கூப்பிடலை.

ரீட்லி என்ற ரெண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்தார். உடம்பு அங்கேதான் போட்டது. தன் ஆட்ட வீடியோவை வச்சு நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசி வரைக்கும் அவரை விடாமல் கேட்டது வயோமிங் பல்கலைக்கழகம் மட்டும்தான். 2018-ல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தப்போ ஏழாவது ஆளாப் போனார். அப்போ உயரம் ஆறடி அஞ்சு அங்குலம்! 2024 சீசனில் நாட்டிலேயே மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

கோச்சுகள் பாவம்னும் தோணுது. அங்கே பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடறவங்க சுமார் 10 லட்சம் பேர். முதல் நிலைப் பல்கலைக்கழகங்கள் 130-க்கு மேல்தான். ஒரு அணிக்கு ஒரு நேரத்தில் ஒரே குவார்ட்டர்பேக். எல்லாரையும் எப்படி எடுக்க முடியும்? ஆள் பொறுக்கறதைத் தப்புன்னு நான் சொல்லலை. ஒரே தடவை பார்த்துட்டு மூடிடறதைத்தான் தப்புங்கறேன். 13 வயசிலும் 16 வயசிலும் உடம்பு பாதி சமைச்ச சோறு மாதிரி. அதை எடுத்துப் பதம் பார்த்தா என்ன தெரியும்? இப்போ அங்கே கல்லூரி விட்டுக் கல்லூரி மாறறது சுலபமாயிடுச்சு. அதனால பள்ளிப் பையனைவிட, வேற கல்லூரியில் ஆடிப் பழகினவரையே பல கோச்சுகள் விரும்பறாங்க. லேட்டா வளர்ற பையனுக்குக் கதவு இன்னும் ஒடுங்குது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேப்பீங்க. ஆறாவதில் வாலிபால் அணிக்கு ஆள் எடுத்தப்போ, எங்களைச் சுவரோரம் நிறுத்திக் கரிக்கட்டியால் கோடு போட்டாங்க. கோட்டுக்குக் கீழே இருந்தவங்க வகுப்புக்குப் போகலாம்னாங்க. நானும் போயிட்டேன். அப்புறம் யாரும் கூப்பிடலை. ஜாஷ் ஆலன் மாதிரி நானும் போய்க் கேக்கலை, அது என் தப்பு.

கோடு இன்னும் அழியலை. போன வாரம் போய் நின்னு பார்த்தேன். இப்போ அது என் காதுக்குக் கீழே இருக்கு. சார், வர்ற குறுவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது எங்களை இன்னொரு தடவை கூப்பிடுங்க. எங்க வகுப்பில் மட்டும் அப்படி ஆறு பேர் இருக்கோம். சாயங்காலம் மணி அடிச்சதும் வேப்பமரத்தடியில் நிப்போம்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி