முதல் வாள் எது வாங்கலாம்? கம்பு வாங்குங்க!

வாள் சுத்துற ரீல்ஸ் பார்த்துட்டு, "நாமளும் ஒண்ணு வாங்கி மொட்டை மாடியில ப்ராக்டிஸ் பண்ணலாமே"ன்னு ஆன்லைன்ல தேடுற ஆளா நீங்க? கார்ட்ல போட்டிருந்தா, 'பை நவ்' அழுத்துறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க. அஞ்சு நிமிஷம்தான்.

செகண்ட் இயர்ல என் நண்பன் ஒருத்தன் ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு கட்டானா வாங்கினான். வீடு அயப்பாக்கம். பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கறுப்பு உறை, பார்க்கவே கெத்து. மூணாவது நாள் சாயங்காலம் மாடியில காலி வாட்டர் பாட்டில் வரிசையா வெச்சு வெட்டிக்கிட்டிருந்தோம். ஒரு வீச்சுல கையில பிடி மட்டும் இருந்துச்சு. வாள் போய் தண்ணி டேங்க்ல அடிச்சுக் கீழே விழுந்துச்சு. அந்த டேங்க்குக்கு நாலடி தள்ளி அவன் தம்பி உட்கார்ந்திருந்தான். எட்டாம் வகுப்பு.

அன்னிக்கு ராத்திரி பிடியைப் பிரிச்சுப் பார்த்தோம். உள்ளே வாளோட தொடர்ச்சியே இல்லை. சுண்டுவிரல் கனத்துல ஒரு ராடு, அதை வாளோட அடியில வெல்டு வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான். மெக்கானிக்கல் மக்களுக்குச் சொல்லவே வேண்டாம். அகலமான தகடு சட்டுனு ஒல்லியாகுற மூலையில தகைவு குவியும். அதுக்கு மேல வெல்டு சூடு பட்டு உலோகமும் பலவீனமாயிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த இடம்தான் அடி வாங்குது. எஸ்.ஓ.எம். பேப்பர்ல பதினாறு மார்க்குக்கு எழுதின விஷயம், மாடியில நம்ம கண் முன்னாடி நடந்துச்சு.

அதனால என் முதல் கருத்து: வாளை "எது ஷார்ப்பு, எது கெத்து"ன்னு ஒப்பிடாதீங்க. "இது உடைஞ்சா என்ன ஆகும்?"னு கேட்டு ஒப்பிடுங்க.

இந்தக் கேள்வியை விளையாட்டு உலகம் ரொம்பப் பெரிய விலை கொடுத்துத்தான் கத்துக்கிச்சு. 1980 ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்ல ஆடும்போது எதிராளியோட ஃபாயில் உடைஞ்சு, முகமூடியைத் துளைச்சு உள்ளே போயிடுச்சு. சில நாள்ல அவர் இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் முகமூடி, உடை, வாள் எல்லாத்துக்கும் விதி கடுமையாச்சு. விரிசல் மெதுவாப் பரவுற மாரேஜிங் ஸ்டீல் வாள்களுக்கு வந்ததும் அந்தப் பாடத்துக்கு அப்புறம்தான். கூர்மையே இல்லாத விளையாட்டு வாளுக்கே இந்தக் கதை. நம்ம மாடியில முகமூடி கூடக் கிடையாது.

சரி, என்னென்ன இருக்குன்னு பார்ப்போம்.

ஃபென்சிங்ல மூணு வகை. ஃபாயிலும் சேபரும் 500 கிராமுக்குள்ள இருக்கணும், எப்பே 770 கிராமுக்குள்ள. ஃபாயில், எப்பே ரெண்டுலயும் முனையால குத்தினாத்தான் புள்ளி. சேபர்ல வெட்டும் கணக்கு, ஆனா இடுப்புக்கு மேலதான். நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி ஆடுறது சேபர். டோக்கியோ ஒலிம்பிக்ல ஆடின முதல் இந்திய ஃபென்சர் அவங்கதான். ஆரம்பத்துல நிஜ வாள் விலை கட்டுப்படியாகாம மூங்கில் குச்சியில பயிற்சி எடுத்ததா அவங்களே சொல்லியிருக்காங்க. இதை மனசுல வெச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

ஜப்பான்காரங்க கட்டானா நாடுன்னு பேர் வாங்கினவங்க. ஆனா அங்கே கெண்டோவுல ஒருத்தரை ஒருத்தர் அடிக்கிறது ஷினாய்ல. நாலு மூங்கில் பட்டையைச் சேர்த்துக் கட்டின வாள் அது. அடிச்சா வளைஞ்சு கொடுக்கும். தனியாப் பழக பொக்கென், அதாவது மரவாள். கூர் வெச்ச வாள் ரொம்பக் கடைசியில, ஆசான் கண் முன்னாடி.

நம்ம ஊர்ல? சிலம்பத்துல வாள், சுருள் வாள், மான் கொம்பு எல்லாம் உண்டு. ஆனா வரிசை கம்புலதான் ஆரம்பிக்கும். களரியிலயும் அப்படித்தான்: முதல்ல மெய்ப்பயிற்சி, அடுத்து கோல், அப்புறம்தான் இரும்பு. எல்லாருக்கும் ஆசை சுருள் வாள் மேலதான். ஆனா வளையுற தகடு போன பாதையிலேயே திரும்பி வராது. மணிக்கட்டு ஒரு நொடி நின்னா அது சுத்துறவர் மேலயே சுருளும். அதனாலதான் ரெண்டு மரபுலயும் அது கடைசிப் பாடம்.

ஆக ஃபென்சிங், கெண்டோ, களரி, சிலம்பம்னு எங்கே போனாலும் ஒரே பதில்தான் கிடைக்குது. முதல் ஆயுதத்துக்குக் கூர் கிடையாது.

"ப்ரோ, கம்பு வேற, வாள் வேற"ன்னு நீங்க சொல்லுவீங்க. நியாயமான பாயிண்ட்தான். கம்பு உருண்டை. வாளுக்கு விளிம்பு உண்டு, அது எந்தப் பக்கம் பார்க்குதுங்கிற உணர்வைக் கம்பு சொல்லித் தராது. எடை குவியுற இடமும் வேற. ஒத்துக்கறேன். அதுக்காகத்தான் ரெண்டாவது படியில தட்டையான மரவாள். ஆனா கால் வைப்பு, தோள், மணிக்கட்டு, எதிராளிக்கும் நமக்கும் உள்ள தூரம், இது நாலையும் கம்பே சொல்லித் தந்துடும். ஒரே எடையில நீளம் ரெண்டு மடங்கானா, ஒரு முனையைப் பிடிச்சுச் சுத்தும்போது நிலைமத் திருப்புத்திறன் நாலு மடங்காகும். பழகாத மணிக்கட்டுல நேரா நீள வாளைக் கொடுத்தா, வாள் உடையலைன்னாலும் மணிக்கட்டு போயிடும்.

இன்னொரு விஷயம், நம்ம ஏரியாக்காரங்களுக்குன்னே. 2018 பிப்ரவரியில பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்துல ஒரு ரவுடி பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியில கேக் வெட்டின கூட்டத்தைப் போலீஸ் சுத்தி வளைச்சு, 70 பேருக்கு மேல கைது பண்ணாங்க. ஊரே பேசுச்சு. அதுக்கப்புறமும் கத்தியோட ஸ்டேட்டஸ் போட்டு மாட்டுற பசங்க குறையலை. 1959 ஆயுதச் சட்டத்தோட விதிகள்ல வாளும் பட்டியல்ல இருக்கு. வீட்டு வேலை, விவசாயம், தொழில்னு எதுக்கும் இல்லாத, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்தியும் இருக்கு. "சார், இது மார்ஷியல் ஆர்ட்ஸ்"னு ஆவடி லோக்கல்ல நின்னு விளக்க முடியுமா? பட்டரவாக்கத்துல ஏறுற அக்கா உங்க பையில வாள் பிடியைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? அவங்க பயம் தப்பே இல்லை. இந்த லைன்ல மாணவர்கள் கையில கத்தியைப் பார்த்தவங்க அவங்க.

கம்போட போனா? "எந்த ஆசான்கிட்டப்பா கத்துக்கற?"ன்னு கேட்பாங்க. எனக்கே நடந்திருக்கு. கேட்ட பெரியவர் அம்பத்தூர்ல இறங்குற வரைக்கும் அவர் வாத்தியார் கதையைச் சொல்லிட்டு வந்தார்.

கம்புன்னா மட்டம்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல 2024 ஜனவரியில நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பம் காட்சி விளையாட்டா இடம்பிடிச்சது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுலயும் சிலம்பம் வந்தாச்சு. சில நூறு ரூபாய்க் கம்புல தொடங்குற பாதை அவ்வளவு தூரம் போகுது. மாடியில சுத்துற கட்டானா ரீல்ஸோட நின்னுடும்.

அதனால என் வரிசை இதுதான்: முதல்ல ஒரு ஆசான். ரெண்டாவது கம்பு. மூணாவது மரவாள், இல்லைன்னா முகமூடி உடையோட ஃபென்சிங். இரும்பு எப்போன்னு ஆசான் சொல்லட்டும், ஆன்லைன் ஆஃபர் சொல்ல வேண்டாம்.

நம்ம காலேஜ் ஸ்போர்ட்ஸ் ரூம்ல கேரம் போர்டு மூணு இருக்கு, கம்பு ஒண்ணு கூட இல்லை. பத்துக் கம்பும் வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு ஆசானும் கேட்டு ஒரு மனு எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட வர்றீங்களா? அயப்பாக்கம் நண்பன் ஏற்கெனவே போட்டுட்டான். அவன் தம்பியும் கூட வந்து கம்பு கத்துக்கணுமாம்.