கைநாட்டு வாங்கினால் அது சம்மதமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகும் எந்த மாணவரிடமும் 'ஆய்வு அறம்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஓர் எண்ணைச் சொல்வார்: பத்து. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை கிடையாது. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருள் ஆய்வேட்டை மென்று ஒரு சான்றிதழைத் துப்புகிறது, நெறியாளர் கையெழுத்துப் போடுகிறார், அறம் அத்தோடு முடிந்தது. (தமிழில் எழுதிய ஆய்வேட்டை அந்த மென்பொருள் எந்த லட்சணத்தில் படிக்கிறது என்பது தனிக்கதை.)

சொல்லைத் திருடினால் பிடிக்க இத்தனை ஏற்பாடு. ஒரு மனிதரின் இரத்தத்தையோ நோயையோ துயரத்தையோ அவருக்குத் தெரியாமல், புரியாமல், மறுக்க வழியில்லாமல் எடுத்தால்? அதை அளக்க நம் கல்லூரிகளில் மென்பொருளும் இல்லை, அதைப் பற்றிய கூச்சமும் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்தில், அதிலும் திண்டிவனம், மரக்காணம், விக்கிரவாண்டி வட்டாரங்களில், ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் இருளர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிய அரசு 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என்று வகைப்படுத்தியிருக்கும் மக்களில் இருளரும் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஆறு பழங்குடிகள். அந்த ஒரு சொல் ஆய்வாளர்களுக்குக் காந்தம். தலைப்பில் அது இருந்தால் திட்டத்துக்கு நிதி வரும், இதழில் கட்டுரை ஏறும். அதனால் சமூகப்பணி, உளவியல், மானிடவியல், பொது சுகாதாரம் என்று வரிசையாக வருகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்ல. நம்மைப் போன்ற இளைஞர்கள்தான், சிலர் நம் தோழர்கள்.

ஆனால் யார் வழியாக வருகிறார்கள் என்று பாருங்கள். ஊராட்சித் தலைவரைப் பார்த்து 'பர்மிஷன்' வாங்குகிறார்கள். செங்கல் சூளை என்றால் முதலாளியிடம், கரும்பு வெட்டு என்றால் மேஸ்திரியிடம். அவரே ஆட்களைக் கூட்டி உட்கார வைக்கிறார், அல்லது பக்கத்தில் நின்று பார்க்கிறார். அந்த நிழலில் ஒப்புதல் படிவம் வாசிக்கப்படுகிறது: 'இந்த ஆய்விலிருந்து நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.' வாங்கிய முன்பணத்துக்காகச் சூளையை விட்டே விலக முடியாதவர் ஆய்வை விட்டு விலகலாமாம்! பிறகு மைப்பெட்டி நீட்டப்படுகிறது, கைநாட்டு விழுகிறது, ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் 'பங்கேற்பாளர்களின் முழு ஒப்புதலுடன்' என்ற வரி ஏறுகிறது.

பேனாவும் காகிதமுமாக வந்து பேர் என்ன, அப்பன் பேர் என்ன என்று கேட்பவர் இந்த மக்களின் அனுபவத்தில் யார்? பெரும்பாலும் போலீஸ். 1993இல் அத்தியூரில் ஓர் இருளர் பெண்மீது நடந்த வன்கொடுமைக்காகப் புதுச்சேரிக் காவலர்கள்மீது வழக்கு நடந்தது. 2011 நவம்பரில் தி.மண்டபத்தில் இருளர் பெண்கள் நான்கு பேர் திருக்கோவிலூர்க் காவலர்கள்மீது வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். எங்கோ நடந்த திருட்டுக்கு இங்கே ஓர் இருளரைத் தூக்கிப்போய் வழக்குப் போடுவது எவ்வளவு சாதாரணம் என்பதைத் திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இப்படி வாழ்கிறவர் முன்னால் போய் உட்கார்ந்து, 'கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பெரும்பாலான நாட்கள்' என்று எங்கிருந்தோ பெயர்த்து வந்த வினாத்தாளை வாசிக்கிறோம். அவர் பதில் சொல்கிறார். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று சொல்கிறார். அதைக் கூட்டிக் கழித்து 'இருளர்களிடையே மனச்சோர்வு' என்று அட்டவணை போடுகிறோம். கடனும் காவல் நிலையமும் அந்த அட்டவணையில் இல்லை. ஓர் ஏற்பாட்டின் கொடுமை அந்த இனத்தின் மனக்கோளாறாக மாறிவிடுகிறது.

அந்தத் தாள் அலமாரியில் தூங்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பழங்குடிச் சான்றிதழ் மெய்யா என்று தீர்ப்புச் சொல்லும் மாநில அளவிலான கூர்நோக்குக் குழுவில் மானிடவியலாளர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மக்கள் எதை உண்கிறார்கள், எப்படிச் சடங்கு செய்கிறார்கள் என்று எழுதிவைத்தது நாளை ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கக் கூடும்.

இந்த அளவெடுப்புக்கு இங்கே நீண்ட பரம்பரை உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்து சாதிகளை வகைப்படுத்தியவர். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய அவருடைய 7 தொகுதிகள் 1909இல் வந்தன. நம் ஆய்வேடுகள் இன்றும் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேற்கோள் காட்டுகின்றன. அதன் முன்னுரையில் தர்ஸ்டன் ஒரு சம்பவத்தை வேடிக்கையாகச் சொல்கிறார். ஏதோ பழைய சில்லறைக் குற்றத்துக்காகத் தேடப்பட்ட நீலகிரி இருளர் ஒருவர் அளவெடுக்க வந்திருக்கிறார். உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும் அது தூக்குமரம் என்று சொல்லி, கிட்டே வரவே மறுத்துவிட்டார். தர்ஸ்டனுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த மனிதர்மீது பெரும் மரியாதை. (நீலகிரி இருளரும் விழுப்புரத்துச் சமவெளி இருளரும் வேறு வேறு மக்கள். பயம் மட்டும் வேறல்ல.) அரசும் ஆய்வும் ஒரே கை என்பதை எந்த நெறிமுறைக் குழுவும் இல்லாத காலத்தில் அவர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். மறுக்கவும் செய்தார்.

மறுத்தது பதிவாகியிருக்கிறது என்பதுதான் விஷயம். தர்ஸ்டனின் நூலில்கூட 'முடியாது' என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். நம் காலத்து ஆய்வேடுகளில் அவரைத் தேடிப் பாருங்கள். 300 பேரிடம் போனோம், 300 பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஊருக்குள் போய் 300 பேரிடம் மணி கேட்டால்கூட நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒருவர்கூட மறுக்காத ஆய்வு, மறுக்க முடியாத இடத்தில் நடந்த ஆய்வு.

பெரிய நிறுவனங்கள் இதில் யோக்கியமாக நடந்துகொள்கின்றன என்றும் சொல்வதற்கில்லை. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் அமெரிக்காவின் பாத் என்ற அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் மாநில அரசையும் சேர்த்துக்கொண்டு, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டது. அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்தார்கள்; 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. தடுப்பூசி நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை படிவங்களைப் பற்றியது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கை ஆந்திரத்தின் 9,543 படிவங்களைப் பற்றிப் பேசுகிறது. 1,948இல் கைநாட்டு. 2,763இல் விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ போட்ட கையெழுத்து. காட்டுக்குள் இருக்கும் அம்மா அப்பாவிடம் போய்க் கேட்பது சிரமம், காப்பாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். சூளை முதலாளியிடம் வாங்கும் 'பர்மிஷ'னுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கம்மம் தூரம் என்றால் திண்டுக்கல்லுக்கு வாருங்கள். 2000ஆம் ஆண்டு அந்த மாவட்டத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்களும் சேர்ந்து 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வைத் தொடங்கின. 49,311 பெண்கள் இருந்த பிரிவுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய, மலிவான பரிசோதனை தரப்பட்டது. 30,958 பெண்கள் இருந்த இன்னொரு பிரிவுக்கு அது தரப்படவில்லை. பரிசோதனை பெற்ற பிரிவில் அந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைவு என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. உலகம் கைதட்டியது. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று ஊர்களிலும் நடந்த இத்தகைய ஆய்வுகளில், பரிசோதனை தரப்படாத பிரிவுகளில் அந்நோயால் இறந்த பெண்கள் 254 பேர் என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா கணக்கெடுத்து எழுதினார். 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் இது பெரும் விவாதமானது.

ஆய்வாளர்களின் பதில் இது: அங்கே வழக்கத்தில் பரிசோதனையே இல்லை, எனவே நாங்கள் எதையும் பறிக்கவில்லை. கேட்க நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் பணமுள்ள பெண்ணுக்கு அன்றே 'பாப்' சோதனை கிடைத்தது. கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைக்காதது இயற்கை விதியா? ஒரு சமூகம் அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததை அறிவியல் 'வழக்கம்' என்று பெயரிட்டு ஒப்பீட்டுக் கோடாக வரைந்துகொண்டது. சேரிக்குக் குழாய் போடாமல் வைத்திருந்துவிட்டு, குழாய் இருந்தால் வயிற்றுப்போக்கு குறைகிறதா என்று சேரியை வைத்தே நிரூபிப்பது போன்றதுதான் இது.

நம் பக்கம் ஆர்வத்தோடு எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வையும் இங்கே வைக்க வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களைப் புதிர்ப்பாதைகளைத் தீர்க்க வைத்தார்கள். சாதி தெரியாதபோது தலித் சிறுவர்கள் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்குச் சளைக்காமல் தீர்த்தார்கள். அப்பன், தாத்தா பெயரோடு சாதியையும் எல்லார் முன்னும் அறிவித்தபோது அவர்களின் மதிப்பெண் சரிந்தது. 'தகுதி' பேசுகிறவர்களின் வாயை அடைக்க நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆதிக்கச் சாதிப் பையன்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் தன் சாதி உரக்க வாசிக்கப்பட்ட அந்தப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பையன் அன்று எப்படி வீட்டுக்கு நடந்து போயிருப்பான்? முடிவு நமக்குச் சாதகமாக இருப்பதால் இந்தக் கேள்வி ரத்தாகிவிடாது.

அறம் பற்றிப் பேசினால் மாட்டப்போவது முதல் தலைமுறை ஆய்வாளர்தானே, ஆதிக்கச் சாதிப் பேராசிரியர் தப்பித்துக்கொள்வாரே என்று தோழர்கள் கேட்கலாம். அந்தப் பயம் நியாயமானது. எந்த விதியையும் முதலில் நம் தலைமேல்தான் இறக்குவார்கள். ஆனால் இருளர் வீட்டு வாசலில் தலித் ஆய்வாளரும் வெளியாள்தான், அவருக்கும் அங்கே ஒரு மேல்படி இருக்கிறது. நாமும் ஒடுக்கப்பட்டவர்கள்தான் என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வாங்க முடியாது.

நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றனவே என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் மருத்துவர் அல்லாத ஒரு பாமர உறுப்பினரும் குழுவில் வேண்டும் என்கிறது. பழங்குடிகளைப் பற்றிய ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவில் அந்தப் பாமரர் ஏன் ஒரு பழங்குடியாக இருக்கக் கூடாது? அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடிகள் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தத்தை அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தில் மனப்பிளவு நோய், இடப்பெயர்வு என்று வேறு ஆய்வுகளுக்கெல்லாம் பயன்படுத்தினார்கள். வழக்குப் போட்டு 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு இரத்தத்தையும் திரும்ப வாங்கினார்கள் அந்த மக்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தாங்களே ஆய்வாளர்களுக்கான நெறிமுறைகளை எழுதி, இதை ஏற்றால் வா என்றார்கள். இருளர் சங்கம் அப்படி ஒன்றை எழுதினால் அதை முதலில் ஏற்க வேண்டியவை இந்த மாவட்டத்துக் கல்லூரிகள்.

அதுவரை கையிலிருக்கும் வழி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பொதுவானது. யாரும் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் துறை மாணவர்கள் வந்து ஒன்றிரண்டு கேள்வி கேட்டு, வடையும் காபியும் சாப்பிட்டுக் கலைவதுதான் நடக்கிறது. பழங்குடிகளைப் பற்றியோ சேரிகளைப் பற்றியோ ஒரு தேர்வு நடந்தால், அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யார் வழியாக உள்ளே போனீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எழுதியதை அவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினீர்களா என்று கேளுங்கள். தேதியைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.