ஏழு பேர்ச் காணிக்கு எத்தனை தவணை?



லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கட்டிப் போவதற்கு நாம் எத்தனை தலைமுறை போராடினோம் என்று சொல்லத் தேவையில்லை. பல குடும்பங்களுக்கு உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. வந்த சில வீடுகளிலோ, "அப்பா பேர்ல இருக்கிற காணியில எனக்கும் பங்கு இருக்கு, கோர்ட்டுல பார்த்துக்கிறேன்" என்ற பேச்சு எழுந்துவிட்டது. தூண்டிவிடத் தரகர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் நயினாதீவுப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இலேயே ஒல்லாந்தர் எழுத்தில் பதித்துவிட்டார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. இருந்தும் பங்கு உடைந்து உடைந்து ஒரு வளவுக்குப் பல உரிமைக்காரர் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் ஊரில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில்.

தேசவழமை நமக்குப் பொருந்தாது. ஆனால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். பங்காளர் எல்லோரையும் வழக்கில் சேர்க்க வேண்டும், எல்லோருக்கும் அறிவித்தல் போக வேண்டும். நில அளவையாளர் வந்து அளக்க வேண்டும். அவருக்கும் காசு, சட்டத்தரணிக்குத் தவணைக்குத் தவணை காசு. நடுவில் ஒருவர் இறந்தால் அவரது வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். நயினாதீவுக்காரர் விடியற்காலை படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தால், "அடுத்த தவணை" என்பார்கள். நமக்கென்றால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பேர் போகும்.

செலவோடு முடிவதுமில்லை. வழக்குக் காணிப் பதிவகத்தில் பதிவானதும், அது முடியும்வரை பிரிபடாத பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மகள் கல்யாணம் வந்தாலும், வைத்தியச் செலவு வந்தாலும் அந்தக் காணி உதவாது. பிரிக்க முடியாத அளவுக்குப் பங்கு சிறியதென்றால், காணியை விற்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். காசுள்ள வெளியாள் ஏலத்தில் எடுத்துப் போவான்.

கணக்குப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பத்து பேர்ச் ஒரு பரப்பு. நம் ஏழு பேர்ச் ஒரு பரப்புக்கூட இல்லை. ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 1.4 பேர்ச், ஏறக்குறைய 381 சதுர அடி. அதில் யார் வீடு கட்டுவது? வழக்கில் வென்றவனுக்கும் வீடு மிஞ்சாது.

அப்படியானால் நீதிமன்றமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 1946இல் கேகாலை நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு எடுத்து, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். அத்துமீறல் வழக்குப் போட்டார்கள், அது லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அங்கே எதிரில் நின்றது அரசு, தொழிலாளர் பக்கம் நின்றது சங்கம். மற்றத் தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அப்படிப்பட்ட வழக்கை இன்றும் நடத்துவோம். வீட்டை ஏமாற்றிப் பறிப்பவனுக்கும், பெண்ணைத் துரத்துபவனுக்கும் எதிராகவும் நீதிமன்றம் போகத்தான் வேண்டும். கையில் காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் கூடப்பிறந்தவனோடு ஒரு சுவருக்காக வழக்காடி, சம்பளத்தைச் சட்டத்தரணிக்குக் கொட்டுவது போராட்டமல்ல.

செய்ய வேண்டியது இது. உறுதியிலுள்ள நிபந்தனைகளை வாசித்துப் பாருங்கள். புரியாவிட்டால் தோட்டக் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே யாருக்கு வீடு, மற்றவர்களுக்கு என்ன ஈடு என்று பேசி, நொத்தாரிசு முன்னால் எழுதிப் பதியுங்கள். தகராறு முற்றினால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை, நீங்களே பேசலாம்.

அரசிடம் நாம் கேட்பது: உறுதி எல்லோருக்கும் வேண்டும். அது கணவன் மனைவி இருவர் பேரிலும் வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு ஒன்றாக நிற்க வேண்டியவர்கள், நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிற்காதீர்கள்.