வீடு யாருடையது? கான் யாருடையது?



மழைக்காலம் வந்துவிட்டது. கூடவே "லயத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது" என்ற வழக்கமான பழியும் வந்துவிட்டது. அடுப்படி மூலையில் தண்ணீர் போகும் துவாரம் அடைத்து, அழுக்குத் தண்ணீர் காம்பிராவுக்குள் திரும்பி வருகிறது என்று முறையிடப் போனோம். எங்கள் தோட்டத்தில் கிடைத்த பதில்: "ஒங்க வீடு, நீங்கதான் பாத்துக்கணும்."

நம்முடைய வீடாம்! காணி உறுதி கேட்டால் அது கம்பெனி வீடு. மகனுக்குக் கலியாணம் என்று இஸ்தோப்பை மறைத்து ஓர் அறை எடுத்தால், அனுமதியில்லாமல் கட்டியதாகக் கடிதம் வருகிறது. துவாரம் அடைத்தால் மட்டும் அது நம்முடைய வீடாகிவிடுகிறது.

நம் பங்கு வேலையை நாம் மறுக்கவில்லை. துவாரத்துக்குச் சல்லடை மூடி போடுவதும், சோற்றுப்பருக்கை, தேயிலைச் சக்கை, தலைமயிரை அள்ளி வெளியே போடுவதும், மீந்த எண்ணெயை அதில் ஊற்றாமல் இருப்பதும் நமது வேலை. வளைவுக் குழாய் பொருத்தியவர்கள் அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கான் நாற்றத்தை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். பல நாள் பாவிக்காமல் விட்டால் அது வற்றிவிடும். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் சரி.

ஆனால் அந்தத் துவாரம் போய் விழுவது லயத்துக் கானில். கான் சிமெந்து பெயர்ந்து, மண் நிறைந்து கிடக்கிறது. எங்கள் லயத்தில் ஒரு தாய் சீட்டுக் காசை எடுத்து, தரையை உடைத்துப் புதுக் குழாய் போட்டார். முதல் பெருமழையிலேயே கான் தண்ணீர் அதே குழாய் வழியாக அடுப்படிக்கு ஏறியது. கானின் அடி குழாய் வாயைவிட உயர்ந்து கிடந்தால் தண்ணீர் வேறு எங்கே போகும்? அந்த வாரம் அவருடைய பிள்ளை வயிற்றோட்டத்தால் பாடசாலைக்கு வரவில்லை. தாய்க்கு இரண்டு நாள் பேர் போனது. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

இது புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. தோட்டத்தையும் லயங்களையும் சுகாதாரமாக வைத்திருப்பது துரையின் கடமை என்று 1912இல் வந்த தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமே சொன்னது. வெள்ளைக்காரன் ஆட்சி ஒப்புக்கொண்ட கடமையை, 1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த கம்பெனிகள் நம் தலையில் கட்டப் பார்க்கின்றன. தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் சொல்லிவந்த காரணமும், 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டதோடு முடிந்தது.

நாம் கேட்பது மூன்று. லயத்துக் கானின் மண்ணை அள்ளி, மட்டம் இறக்கி, அடிக்குக் கால் அங்குலச் சரிவோடு சிமெந்து போட வேண்டும். உடைந்த தரைக் குழாய்களை நிர்வாகச் செலவில் மாற்ற வேண்டும். வாசல்கூட்டி வேலைக்குப் பழையபடி ஆள் போட்டு, கானை நாளாந்தம் கழுவ வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அப்பியாசக் கொப்பியில் லய இலக்கம், காம்பிரா இலக்கம், தண்ணீர் திரும்பிய திகதி, அந்த வாரம் யாருக்குச் சுகமில்லை என்பவற்றை எழுதிவையுங்கள். மாத முடிவில் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். எழுதச் சிரமப்படுவோர் மாலையில் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். எல்லாவற்றையும் சேர்த்து முகாமையாளரிடம் ஒன்றாகப் போவோம். பிரதிகள் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் போகும்.

வீடு கம்பெனியுடையது என்றால் கானும் கம்பெனியுடையது. கான் நம்முடையது என்றால், முதலில் காணி உறுதியைக் கையில் தரட்டும்!