உம்மாவுக்கும் பரீட்சை



பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற வீட்டில் ரேடியோவின் சத்தம் குறையும். விருந்தாளியை வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். உம்மா பரீட்சைக்குப் படிக்கிற வீட்டில் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. தேங்காய் துருவ வேண்டும், சீருடை கழுவ வேண்டும். "பாவம், அவவும் படிக்கிறா" என்ற அனுதாபம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துப் பாடசாலைகளில் இப்படிப் படிக்கும் ஆசிரியைகள் பலரை நான் அறிவேன். திங்கள் முதல் வெள்ளி வரை கற்பிப்பார்கள்; சனி, ஞாயிறில் மாணவிகளாகிவிடுவார்கள். தபாலில் சேர்க்க வைத்திருந்த ஒப்படையின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஆசிரியையின் மூன்று வயது மகன் சிவப்புப் பேனையால் யானை வரைந்துவிட்டான். அந்தப் பக்கத்தை அவர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து திரும்ப எழுதினாராம். இன்னொருவரின் மகள், "உம்மா, நீங்க பெயிலாகிட்டீங்களா? அதுதானா இன்னும் படிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியர் அறையில் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் பாதியில் படிப்பை விட்டவர்களும் அதே அறையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

"இந்த வயதில் என்ன படிப்பு?" என்று கேட்போர் சற்று வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1945 இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. பிந்தித் தொடங்கிய இடத்தில், படித்துக்கொண்டிருக்கும்போதே குடும்பச் சுமையைத் தூக்கியவர்கள் அதிகம். முதலில் சம்பளம், பிறகுதான் பட்டம் என்றாகிவிட்டது.

2005 இல் எங்கள் பதுளைக்கே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வார நாளில் கரும்பலகைக்கு முன் நிற்பவர் வார நாள் விரிவுரைக்கு எப்படிப் போவார்? 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும், பேராதனை போன்றவற்றின் வெளிவாரிப் பட்டங்களுமே இவர்களுக்கு வழிவிட்டன. உயர்தரம் சித்தியடையாதவர்கூட அடிப்படைப் பாடநெறியை முடித்து மேலே செல்லத் திறந்த பல்கலைக்கழகம் இடந்தருகிறது.

வாசல் திறந்துதான் இருக்கிறது. இடுப்பில் பிள்ளையும் இருக்கிறதே!

நம் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய், பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மலையேறுவாள். துரைமார் இரக்கத்தினால் மட்டும் அதைக் கட்டினார்கள் என்று நான் நம்பவில்லை. பிள்ளைக்கு இடமில்லாவிட்டால் கூடை நிறையாது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். கொழுந்து நிறுத்தவர்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, பட்டம் கொடுப்பவர்களுக்கு ஏன் புலப்படவில்லை? சனி, ஞாயிறு வகுப்பு நடக்கும் கட்டடத்தில் ஓர் அறை, ஒரு பாய், பார்த்துக்கொள்ள ஒருவர். இதற்குப் பெரிய செலவு ஏது?

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட எண்ணி நின்று, குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாயின் மனம் படும் பாட்டை நினைத்துச் சுருக்கிக்கொண்டதை நாம் அறிவோம். பிள்ளையோடு வராதே என்று அந்தத் தாயைத் தடுக்கவில்லை. தொழுகைக்கே இத்தனை இளக்கம் காட்டப்பட்டதென்றால், விரிவுரைக்கும் பரீட்சைக்கும் காட்டினால் குறைந்தா போய்விடும்?

அந்த அறை கட்டப்படும் வரை பிள்ளைக் காம்பரா நம் வீடுதான். அதன் பொறுப்பாளர் வாப்பாதான். கல்வியின் சிறப்பை ஜும்ஆவில் கேட்டுத் தலையசைக்கும் கணவர்மாரே, மனைவியின் பரீட்சைத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். மாமிமாரே, மருமகள் கையில் புத்தகத்தைக் கண்டதும் வேலை ஒன்றை நினைவூட்டாதீர்கள்.

சனிக்கிழமைச் சோறு சற்றுக் குழைந்தால் குழையட்டும். பட்டமளிப்பு விழாவில் படம் எடுக்கும்போது, பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கப்போவது நாம்தானே!