சீனாச் சாப்பாடும் எங்கட நாக்கும்



சீனாத் தெருச் சாப்பாடு பற்றி ஒரு வீடியோ வந்தால் எங்கட வட்ஸ்அப் குழுக்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "பாம்பு, பல்லி, வௌவால்... சீ!" என்று நாலு பேர் எழுதுவார்கள். பத்துப் பேர் சிரிப்பார்கள். வீட்டில் அதைப் பார்க்கிற பிள்ளைகள் அடுத்த நாள் வகுப்பிலும் அதையே சொல்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சீனாவில் ஷிஆன் என்றொரு நகரம் இருக்கிறது. பட்டுப் பாதையின் கிழக்கு முனை அது. தாங் அரசர் காலத்திலேயே அரபு, பாரசீக வணிகர்கள் வந்து தங்கிய ஊர். இன்றும் நகரின் நடுவில், முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளில் ஹுய் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் இன்றைய கட்டடத்தை 1392 இல் கட்டத் தொடங்கினார்கள். வெளியே பார்த்தால் சீன ஓட்டுக்கூரை. உள்ளே மரப்பலகைகளில் குர்ஆன் வசனங்கள்.

அந்தச் சந்துகளின் சாப்பாட்டைக் கேளுங்கள். காலையில் ஸெங்காவ்: பசையரிசி, சீன இலந்தைப்பழம், அவரை விதை மூன்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மணிக்கணக்கில் அவித்த இனிப்பு. இன்னொன்று பாவ்மோ. இறுகிய ரொட்டியை எங்கள் முன்னால் வைப்பார்கள். அதை நாங்களே கையால் கடலையளவு சிறு துண்டுகளாகப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். பிறகுதான் சமையற்காரர் அதை ஆட்டிறைச்சிச் சாற்றில் வேகவைத்து, ஊறவைத்த உள்ளியோடு தருவார். பெர்சிமன் பழத்தை மாவோடு பிசைந்து, இனிப்பு உள்ளே வைத்துப் பொரிக்கும் பணியாரமும் உண்டு.

ரொட்டிக்குள் இறைச்சி வைத்த 'ரோ ஜியா மோ' ஷிஆன் நகரம் முழுக்கக் கிடைக்கும். மற்ற இடங்களில் பன்றி இறைச்சி வைப்பார்கள். இந்தச் சந்துகளில் மாட்டிறைச்சிதான். ஊர்ச் சாப்பாட்டையும் விடவில்லை, மார்க்கத்தையும் விடவில்லை. கடைப் பலகையில் 'ச்சிங்ஜென்' என்று எழுதியிருக்கும். ஹலாலுக்கு அவர்களின் சொல் அது. தூய்மையும் உண்மையும் என்று பொருள்.

சீனாவில் எல்லாமே ஹலால் என்று நான் சொல்லவில்லை. ஹலாலைத் தேடுவது எங்கள் கடமை. பலகையைப் பார்ப்போம், விசாரிப்போம், சந்தேகம் என்றால் விட்டுவிடுவோம். ஆனால் தேடுவது வேறு, கேவலப்படுத்துவது வேறு. ஹலால் இல்லாததைச் சாப்பிடுகிற மனிதனையும் பார்த்து "சீ" என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

இதை மற்றவர்களை விட நாங்கள்தான் நன்றாக விளங்க வேண்டும். 2013 இல் எங்கட ஹலால் சான்றிதழுக்கு எதிராக என்னென்ன பேசினார்கள் என்பது நினைவிருக்கும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். கடைகளை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பிறகு பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அந்தக் கதையும் கைபேசியில் ஒரு வீடியோவாகத்தான் பரவியது. பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கடையில் ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பார்கள்?

ஒரு சமூகத்தின் சாப்பாட்டை அருவருப்பாகக் காட்டிவிட்டால், அந்த மனிதர்களை வெறுக்க வைப்பது லேசு. அந்த வலியை அனுபவித்தவர்கள் நாங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்படியொரு வீடியோ வந்தால் பிள்ளையை அருகில் கூப்பிட்டு, ஷிஆன் பள்ளிவாசலையும் அந்த ரொட்டிக் கடைகளையும் தேடிக் காட்டுங்கள். சீனாவிலும் எங்களைப் போல் ஸலாம் சொல்லிக் கடை திறக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். மற்ற வீடியோவை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.