பின்னற்பையும் அதன் உட்டுணியும்

கையாற் பின்னப்பட்ட பை ஒன்றினை விலைக்கு வாங்குவோர் அதன் நிறத்தையும் பூவேலையையும் கண்டு மகிழ்வர். உள்ளே கைவிட்டுப் பார்ப்பவர் அரியர். பின்னுவோரும் அங்ஙனமே. புறத்தழகிற்குப் பத்து நாள் உழைப்பவர் உட்புறத்திற்கு அரைநாளும் ஒதுக்குவதில்லை. தோளில் மாட்டிச் சுமை கொண்டுசெல்லும் பின்னற்பை உட்டுணி தைக்கப்படும் வரையில் முடிவு பெறாத பையே என்பது எமது கருத்து. இஃது ஒரு பொருளோ என நண்பர் சிலர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும்.

இராமாநுசர் பிறந்த தலமென நெடுங்காலம் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கிய பின்னர்த் தொழிற்சாலைகளின் ஊராகவும் பெயர் பெற்றது. அங்கிருந்து ஒரகடம் வரையிலும் இன்று ஆலைகள் நிறைந்துள்ளன. அவற்றிற் பணிபுரியும் மகளிரின் தொகை எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு சான்று போதும்: 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட குடியிருப்பு மட்டுமே 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்கு உரியது. முறைவேலைக்குச் செல்லும் பெண்ணொருத்திக்கு டிபன் பாக்ஸ், தண்ணீர்ப் பாட்டில், குடை, கைப்பேசி, சாவி, சில்லறை ஆகிய யாவும் கொள்ளும் ஒரு பை வேண்டும். நம் மாணவியரும் பக்கத்து ஊர் மகளிரும் பின்னும் பைகளுக்கு இவர்களினும் அண்மையிலுள்ள வாங்குவோர் யாவர்? வாங்கிய பை ஒரு திங்களுக்குள் தொய்ந்து முழங்காலைத் தொடுமாயின், சாவி கண்ணிகளின் வழியே நழுவி வீழுமாயின், அவள் அடுத்த முறை கடைத்தெரு ரெக்சின் பையையே நாடுவாள். அவளுடைய அறைத்தோழியரும் அவ்வாறே செய்வர்.

பை தொய்வதற்குப் பின்னியவரின் கைக்குறை காரணமன்று. நெய்த துணியிற் பாவும் ஊடையும் நேர்க்கோடாய் ஓடிக் குறுக்கே பிணைந்து நிற்கின்றன. இழுத்தால் நீள்வதற்கு அவற்றில் இடமில்லை. பின்னலிலோ ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகின்றது. சுமை ஏறுந்தோறும் அவ்வளைவுகள் நிமிர்ந்து நீள்கின்றன. நம் மஞ்சப்பைக்கு உட்டுணி ஏதுமில்லை. ஆயினும் அது தாங்குகின்றது, நெய்த துணியாதலின். வயர்க்கூடைக்கும் உட்டுணி வேண்டுவதில்லை. அதன் வயர் தானே விறைத்து நிற்பது. கூடை பின்னிப் பழகிய கைகள் உல்லன் நூலை எடுக்கும்போதும் அதே நம்பிக்கையோடு எடுக்கின்றன. தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

காரின் இருக்கையைச் சற்று நோக்குக. பல கார்களின் இருக்கை உறையும் பின்னல் துணியே. அத்துணிக்குப் பின்னே மெல்லிய ஃபோம் படலமும், அதற்கும் பின்னே வேறொரு மெல்லிய துணியும் ஒட்டப்பட்டிருக்கும். உறை தொய்யாமைக்கும் தையல் விலகாமைக்கும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. கார்த் தொழிலுக்குப் பேர்பெற்ற ஒரு வட்டாரத்திற்கு நாம் விற்கும் பை அவ்வறிவின்றிச் செல்வது அழகோ?

தைக்கும் முறை அரிதன்று. உட்டுணி நெய்ததாயிருத்தல் வேண்டும். காடாவோ பாப்ளினோ ஏற்றது. பழைய பனியன் துணி ஆகாது, அதுவும் பின்னலேயாதலின். துணியை முதல்நாளே நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்க. ரவிக்கைக்கு லைனிங் துணியை நனைத்தே தையற்காரரிடம் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டன்றோ? பின்னர்ப் பையை இழுக்காமற் பரப்பி அளவெடுத்து, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுக. தைத்து முடிந்த உட்பையின் ஆழம் பின்னலின் ஆழத்தினும் அரை அங்குலம் குறைந்திருத்தல் நன்று. அப்பொழுதுதான் பொருளின் சுமை உட்டுணியின்மேல் தங்கும். பின்னல் அச்சுமையை அறியாது. உட்பையிற் சிறு ஜேபியொன்று வைப்பதாயின் முன்னரே தைத்துவிடுக. தையல் மடிப்புப் பின்னலை நோக்குமாறு உள்ளே இறக்கி, வாயை மடித்து, கையால் எம்மிங் தையல் போடுக. மிஷினில் ஓட்டினால் வாய்விளிம்பு இழுபட்டு அலையலையாய் விரியும்.

பலரும் மறப்பது கைப்பிடியை. பின்னிய கைப்பிடியும் நீள்வதே. அதனுள்ளே அகன்ற பருத்தி நாடாவொன்றைச் செலுத்தி, நாடாவின் இருமுனைகளையும் உட்டுணியோடு சேர்த்து அழுந்தத் தைத்தல் வேண்டும். அங்ஙனம் செய்தால் தோளிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து உட்டுணிக்குமாகப் பாரம் செல்லும். இதனைச் செய்யாது உட்டுணி மட்டும் தைப்பது பாதி வேலையே.

உட்டுணியால் விலை ஏறுமே என்பர். ஏறட்டும். துணிக்கும் நாடாவுக்கும் தைத்த நேரத்திற்கும் உரியதைக் கூட்டியே விற்றல் வேண்டும். மகளிர் கைவேலையிற் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குக் கூலி இல்லையென்னும் வழக்கம் போதுமானவரை நிலவிவிட்டது. உட்டுணியை இனாமாகச் சேர்த்துக்கொடுத்து அதனை இன்னும் வளர்ப்பதற்கு யாம் உடன்படோம். வாங்குவோர்க்கும் இதில் இழப்பில்லை. உட்டுணி நைந்தால் எம்மிங்கைப் பிரித்து வேறு துணி மாற்றலாம். பின்னலில் ஒரு கண்ணி அறுந்தாலோ அடுத்தடுத்த கண்ணிகளும் அவிழத் தொடங்கும். வெங்காயமும் காய்கறியும் வாங்கும் வலைப்பைக்கு மட்டும் இவ்விதி வேண்டா. அதற்குக் காற்றோட்டமே முதன்மை.

அடுத்த ஆண்டு நம் கல்லூரியிற் கைவேலைப் பொருள்களுக்குப் பரிசு வழங்குவோர்க்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பையையும் முதலில் அளந்துகொள்க. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலையும் சோறு நிறைந்த டிபன் பாக்ஸையும் அதனுள் இட்டு, மாலையில் ஆணியில் மாட்டுக. மறுநாட் காலையில் மீண்டும் அளந்து, பையை உட்புறம் வெளியாகத் திருப்பித் தையலைப் பார்த்த பின்னரே மதிப்பெண் இடுக.